கண் வெட்டிய சிப்பாய்

போன கிழமை இரவு பதினொன்றரைக்கு ரொறன்ரோவில் இருந்து மச்சான் போன் எடுத்தான். அங்கே பகல். "டேய், சிப்பாய்ச் சட்டைக்கு எந்தச் சிவப்பு அடிக்கிறது?" இதுதான் முதல் கேள்வி. சுகம் விசாரித்ததெல்லாம் பிறகு.

அவனிடம், எங்கள் திருகோணமலையில் ஈயத்தில் சின்னச் சின்னச் சிப்பாய் உருவங்கள் வார்த்த வார்ப்பு ஐயா செய்த நாலு உருவங்கள் இருக்கின்றன. 2003இல் ஊருக்கு வந்தபோது வாங்கிக்கொண்டு போனவை. இருபது வருசத்துக்கு மேலாக அவன் வீட்டு முன்னறையில் ஈய நிறத்தில் அப்படியே நிற்கின்றன. இப்போது வேலையால் நின்றுவிட்டான், கையில் நேரம் இருக்கிறது. எயார்பிரஷ் ஒன்றை மலிவு விற்பனையில் வாங்கிவிட்டான். யூடியூப்பில் யாரோ ஒரு ஸ்பானியன் கன்னத்துக்கு ஏழு நிறம் பூசுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறானாம். மகளும் கேட்டிருக்கிறாள்: "இதுகள் ஏன் அப்பா செத்தவீட்டுக்கு வந்த மாதிரி நிக்குதுகள்?"

பூசாதே என்றேன். ஏன் என்றான். "அது பெரிய கதை, எழுதி அனுப்புறன்" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். நித்திரை வரவில்லை.

நான் வர்ணத்துக்கு எதிரி என்று யாரும் நினைக்கக்கூடாது. நான் வளர்ந்ததே எனாமல் பெயின்ற் மணத்தில். அப்பா திருகோணமலை ரவுணில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினவர். திருவிழாக் காலம் வந்தால் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டக் கூப்பிடுவார்கள். தூரிகை கழுவுவதற்கு நானும் போவேன். தச்சர் வேலை முடித்துவிட்டுப் போன குதிரை வாகனத்தைப் பார்த்திருக்கிறீர்களா? உடம்பு, பிடரி, கடிவாளம் எல்லாம் இருக்கும். கண் இருக்கும் இடத்தில் மட்டும் கோழிமுட்டையைப் பாதியாக வெட்டி ஒட்டினது போல வழுவழுப்பாக ஒரு மேடு. அவ்வளவுதான். அப்பா பத்து நாள் முழுக் குதிரையையும் தீட்டிவிட்டு, கடைசி நாள் காலையில் தோய்ந்துவிட்டு வந்துதான் அந்த மேட்டில் கறுப்பு வைப்பார். முதல் நாள் வரை அந்தக் குதிரையின் முதுகில் ஏறி விளையாடின எனக்கு அதன்பிறகு முன்னுக்கு நிற்கவே பயமாக இருக்கும்.

ஆகவே எங்கள் வீட்டுச் சட்டம், வர்ணம் ஏறும் வரைக்கும் வேலை முடியவில்லை என்பது. 1978இல் லண்டன் மாமா எயார்பிக்ஸ் பெட்டி ஒன்று கொண்டுவந்து தந்தார். 54 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் சிப்பாய், 1815ஆம் ஆண்டு கோல்ட்ஸ்ட்ரீம் காவற்படைக்காரன், கையும் காலும் தனித்தனியாக. அதை ஒட்டி, அப்பாவின் பலகைப் பெயின்றை அள்ளிப் பூசினேன். காய நாலு நாள் எடுத்தது. முகம் உருகின மெழுகுதிரி மாதிரி வந்தது. பிறகு மாமா உருவங்களுக்குப் பூசுகிற ஹம்புரோல் பெயின்ற், சின்னச் சின்னப் பேணிகளில் அனுப்பினார். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. இதுவரை நூற்றுச்சொச்சம் உருவங்கள் தீட்டியிருப்பேன். பெரும்பாலானவை தீட்டுவதற்கென்றே விற்கப்படுகிறவை. இந்தத் தொழிலில் செய்கிறவன் ஒருவன், தீட்டுகிறவன் இன்னொருவன் என்பது பழைய வழக்கம். ஜேர்மனியில் நூரம்பேர்க் நகரத்தில் 19ஆம் நூற்றாண்டு முழுக்க வார்த்துத் தள்ளிய தட்டையான தகர உருவங்களை இன்றைக்கும் வெறுமனே வாங்கித் தாங்களே தீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை.

வார்ப்பு ஐயா வேறு மாதிரி.

திருக்கடலூரில் கடற்கரைப் பக்கமாக அவருடைய பட்டறை இருந்தது. பட்டறை என்றால் ஒரு பத்தி, தகரக் கூரை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. அவருடைய தகப்பன் வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் டொக்யாட் வார்ப்பாலையில் வேலை செய்தவர். 1957இல் பிரிட்டிஷ் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது வேலை இழந்து வீட்டுக்கு வந்து குத்துவிளக்கும் கோயில் மணியும் வார்க்கத் தொடங்கினார். மகன் அதைப் பழகி, ஐம்பது வயதுக்குப் பிறகு சிப்பாய்கள் செய்யத் தொடங்கினார். ஏன் சிப்பாய் என்று கேட்டால், "இந்த ஊரில வேற ஆர் வந்து நிண்டவன்?" என்பார்.

அது சரிதான். 1620களில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர். 1782ஐ மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும்: தை மாதம் ஒல்லாந்தர் கொடி இறங்கி ஆங்கிலேயர் கொடி ஏறியது. ஆவணி முடிய முன்னர் சுப்ரேன் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி வந்து அதையும் இறக்கினார். ஒரே வருசத்தில் மூன்று கொடி. பிறகு திரும்பவும் ஒல்லாந்தர். 1795இல் திரும்பவும் ஆங்கிலேயர். ஐயா இந்தத் தளபதிகள் ஒருவரையும் செய்யவில்லை. பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி 1800இல் தங்கியிருந்த வீடு கோட்டைக்குள்ளே இன்னும் இருக்கிறது. அவரையும் செய்யவில்லை. புகைக்குழாயோடு குந்தியிருக்கிற ஒல்லாந்துக் கூலிப்படைக்காரன், கிரிசுக் கத்தி செருகிய மலாய்ச் சிப்பாய், சப்பாத்தைக் கழற்றிக் காலைப் பார்க்கிற பிரெஞ்சுக்காரன், பறை தூக்கிய பெடியன், அப்புறம் மதராஸ் சிப்பாய். நாகப்பட்டினத்தை ஒல்லாந்தரிடம் பிடித்த கையோடு, 1782 தையில் ஆங்கிலேயர் கப்பலில் இங்கே வந்திறங்கியவர்களில் இந்தச் சிப்பாய்களும் உண்டு. ஒஸ்ரன்பேர்க் மலைக்கோட்டையில் ஏறினவனில் ஒருத்தனாவது தமிழில் பேசியிருப்பான் என்று ஐயா திடமாக நம்பினார். அந்தச் சிப்பாயின் வாய் சற்றே திறந்திருக்கும்.

எல்லாம் மூன்றரை அங்குல உயரம். தேன்மெழுகோடு குங்கிலியம் உருக்கிக் கலந்து, ஸ்தபதிகள் செய்வது போலவே முதலில் மெழுகில் செய்வார். பிறகு அச்செடுத்து ஈயம் ஊற்றுவார். ஈயம் என்பது பேச்சுக்கு. வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. வெள்ளீயம் தனியே 232 பாகையில் உருகும், காரீயம் 327இல். இரண்டையும் சரியான அளவில் சேர்த்தால் இரண்டையும் விடக் குறைந்த சூட்டில், 183 பாகையில் உருகிவிடும். மண்ணெண்ணெய் அடுப்பே போதும் என்று கண் சிமிட்டுவார். வார்த்து, அராவி, கடைசியாக விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து முழுக்கத் தடவி, பழைய வேட்டித் துண்டால் துடைத்துவிடுவார். மேடு வெளிறி நிற்கும். பள்ளத்தில் கரி தங்கும். அதோடு வேலை முடிந்தது.

வர்ணம் பூசவே மாட்டார். கேட்டால் சிரிப்பார்.

1998 இருக்கும். அவரிடம் வாங்கின மதராஸ் சிப்பாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்தேன். உட்துறைமுக வீதிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். பையில் என்ன பாரமாக என்று கேட்டு எடுத்துப் பார்த்தான் ஒரு பெடியன். இருபது வயது இருக்காது. துப்பாக்கியைத் தோளில் கொழுவிவிட்டு உருவத்தை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்கு முதுகில் வியர்வை. "மே கௌத?" இது யார் என்கிறான். எந்தப் படை என்று கேட்கிறானோ என்று நினைத்து எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், பழைய காலத்து ஆள், இருநூறு வருசத்துக்கு முந்தி என்று இழுத்தேன். அவன் சிப்பாயின் காலைப் பார்த்தான். அந்தக் காலத்து மதராஸ் சிப்பாய்க்கு அரைக்கால் சட்டைதான், முழங்கால் தெரியும். ஐயா அதில் வலது முழங்காலைக் கொஞ்சம் வீங்கினது போல வைத்திருந்தார். பெடியன் தன் சொந்த முழங்காலைத் தட்டிக் காட்டிச் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தான். பச்சையோ, கோடு போட்ட வர்ணமோ அதில் இருந்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். அது நூற்றுக்கு நூறு எனக்குத் தெரியும்.

அந்தச் சிப்பாயைத்தான் நான் 2003இல் பாழாக்கினேன்.

போர்நிறுத்தக் காலம். பாதை திறந்து பெயின்ற், தூரிகை எல்லாம் வரத் தொடங்கியிருந்தது. கண்ணும் அப்போது நல்லாக இருந்தது. மூன்று மாதம் இரவில் இருந்து செய்தேன். சிவப்பை மட்டும் எத்தனை முறை மாற்றினேன் தெரியுமா. அந்தக் காலத்தில் அதிகாரிகளின் சட்டைக்குக் கொச்சினீல் என்ற பூச்சிச் சாயம், பளீர் என்ற சிவப்பு. சாதாரணச் சிப்பாய்க்கு மஞ்சிட்டி வகை வேர்ச் சாயம். அது புதிதிலேயே செங்கல் நிறம், இரண்டு மழையும் ஒரு கோடையும் கண்டால் ஓட்டு நிறம். (மன்னார், யாழ்ப்பாணப் பக்கம் ஒல்லாந்தர் குத்தகையாக வைத்துத் தோண்டுவித்த சாயவேரும் இதே குடும்பச் செடிதான்.) நான் செங்கல் நிறத்தைத்தான் எடுத்தேன், அதில் எனக்குப் பெருமை. மடிப்புப் பள்ளத்தில் கடும் சிவப்பு, மேட்டில் வெளிறல், ஓரத்தில் மெல்லிய கோடு. தலைப்பாகை நீலம். காலருக்கும் கைமடிப்புக்கும் மஞ்சள். முகத்துக்கு ஐந்து தரம் மெல்லிய பூச்சு. கண்ணில் வெள்ளை, அதற்குள் கபிலம், அதற்குள் ஒரு புள்ளி வெளிச்சம்.

கடுதாசிப் பெட்டியில் பஞ்சு வைத்து ஐயாவிடம் கொண்டுபோனேன். பாராட்டுக்குத்தான் போனேன் என்பதை மறைக்கவில்லை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யன்னலடிக்குப் போனார். இடம் வலமாகத் திருப்பினார். கனநேரம் பேசவில்லை. பிறகு, "சட்டை நல்லா இருக்குத் தம்பி. ஆள் எங்க?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் உள்ளே போய் அதே சிப்பாயின் இன்னொரு வார்ப்பைக் கொண்டுவந்து இரண்டையும் பக்கத்தில் வைத்தார். யன்னல் கதவை மெல்ல மெல்லச் சாத்தினார், பிறகு திறந்தார். வேறொன்றும் சொல்லவில்லை. வெறும் ஈயச் சிப்பாயின் மேல் வெளிச்சம் கன்னத்தில் இருந்து கழுத்துக்கு, கழுத்தில் இருந்து சட்டை மடிப்புக்கு வழிந்து இறங்கியது. கதவு சாத்தும்போது தாடைக்குக் கீழே இருட்டுக் கூடி, அவன் தலையைக் குனிகிற மாதிரியே இருந்தது. என்னுடைய சிப்பாய் அசையவில்லை. யன்னல் திறந்திருந்தாலும் சாத்தியிருந்தாலும் நான் தீட்டின வெளிச்சம் நான் தீட்டின இடத்திலேயே நின்றது.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. உருவம் தீட்டுகிற நாங்கள் செய்வது என்ன? இவ்வளவு சின்ன உருவத்தில் உண்மையான வெளிச்சம் போதிய நிழல் தராது. அதனால் நிழலையும் வெளிச்சத்தையும் நாங்களே தீட்டுகிறோம். தீட்டுவதற்கென்று செய்கிற சிற்பி அது தெரிந்து, மடிப்பை அளவோடு, கொஞ்சம் மேலோட்டமாகவே வைப்பான், மிச்சம் தூரிகைக்கு. ஐயா தூரிகைக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அவருடைய மடிப்பு உண்மையான துணியில் விழுகிறதை விட ஆழம். கைமுட்டியில் துணி சுருங்கும் இடத்தில் ஊசி போய் உள்ளே நிற்கும். அந்தப் பள்ளம்தான் அவருடைய கறுப்பு. நான் அவர் கறுப்பின் மேல் என் கறுப்பைப் பூசி, அவருடைய வெளிச்சத்தின் மேல் என் வெளிச்சத்தைப் பூசி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்துகிற மாதிரி ஆக்கிவிட்டேன்.

பிறகு கண். உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தந்து மற்றச் சிப்பாயின் கண்ணைப் பார்க்கச் சொன்னார். இரண்டு மில்லிமீற்றர் அகலமான கண்ணில், உடைத்துத் தீட்டின தையல் ஊசியால் கண்மணி வெட்டியிருந்தது. வட்டம் அல்ல, லாடம் மாதிரி ஒரு வெட்டு. மேல்பக்கம் ஒரு துணுக்கு மட்டும் விட்டிருந்தார். அந்தத் துணுக்கில் யன்னல் வெளிச்சம் பட்டுப் பார்வையாக நின்றது. "நீங்கள் இதை அடைச்சுப்போட்டு மேல ஒரு புள்ளி வைச்சிருக்கிறியள்" என்றார். சண்டை பிடிக்கவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

பின்னர் வாசித்தபோது ஒன்று தெரிந்தது, ஐயா உயிரோடு இருக்கும்போதே தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். உரோமச் சிற்பிகள் முதலில் பளிங்குத் தலைகளின் கண்ணை வழுவழுப்பாகத்தான் விட்டார்கள், மணியைத் தீட்டினார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், ஹாட்ரியன் பேரரசன் காலத்தில் இருந்து கண்மணியைக் கல்லிலேயே துளைக்கத் தொடங்கினார்கள். அப்பாவின் குதிரை வாகனம் முதல் வகை. கோயில் பஞ்சலோகத் திருமேனி இரண்டாம் வகை. அங்கே கண் திறப்பது ஸ்தபதியின் உளி, தூரிகை அல்ல. 1950இல் இங்கே கிணறு வெட்டும்போது நிலத்துக்குள் இருந்து கோணேசர் கோயில் வெண்கலத் திருமேனிகள் வெளியே வந்தன. எத்தனையோ தலைமுறை மண்ணுக்குள் கிடந்து வந்தவைக்கு யாராவது பெயின்ற் பேணியோடு போனார்களா? அதே ஊரில் பத்திரகாளி அம்பாள் கோயில் சுதைச் சிற்பங்கள் வர்ணத்தில் குளித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றை யாராவது சுரண்டி வெறும் சுண்ணாம்பாக்கினால் ஊர் திரண்டு வரும். இரண்டையும் சேர்த்துக் கும்பிடுகிற சனம் நாங்கள். எது எதற்கு என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் கையில் தூரிகை வந்தால் மறந்துபோகிறது.

நான் அன்று சும்மா விடவில்லை. படை என்றாலே நிறம்தானே ஐயா என்று வாதாடினேன். வெடிமருந்துப் புகைக்குள் தன் ஆள் எவன், எதிரி எவன் என்று தெரியத்தானே அந்தச் சிவப்பும் நீலமும். நிறத்தை எடுத்துவிட்டால் அது சிப்பாயே இல்லை. வெள்ளை வெளேர் என்று இருக்கும் கிரேக்கச் சிலைகள் கூட ஒரு காலத்தில் வர்ணத்தோடு நின்றவை. சீனாவில் சியான் நகரத்துக்குப் பக்கத்தில் 1974இல் கண்டெடுத்த மண் படைவீரர்கள், ஆயிரக்கணக்கானவர்கள், எல்லாம் தீட்டப்பட்டவர்கள். இரண்டாயிரம் வருசம் ஈர மண்ணுக்குள் இருந்த அரக்குப் பூச்சு, காற்றுப் பட்ட சில நிமிடத்தில் சுருண்டு உதிர்ந்துவிட்டது. இன்றைக்கு நாங்கள் பார்க்கிற அந்த மண் நிறம் ஒரு விபத்து. பத்திரிகைப் படத்தையும் காட்டினேன்.

ஐயா படத்தை வாங்கி வடிவாகப் பார்த்தார். "அவன் பூசுறதுக்கெண்டு செய்தவன். நான் அப்பிடிச் செய்யேல்லையே" என்றார். அத்தோடு அந்த வாதம் முடிந்தது.

முடியாத ஒன்று இருந்தது. "மஞ்சள் காலர் எந்தப் பட்டாளம்?" என்று கேட்டார். நான் விழித்தேன். மதராஸ் படையில் ஒவ்வொரு பட்டாளத்துக்கும் காலர், கைமடிப்பு நிறம் வேறு வேறு. எனக்குப் பிடித்த மஞ்சளை வைத்திருந்தேன், சிவப்புக்கு எடுப்பாக இருந்ததால். அவர் தனக்குத் தெரியாததைச் செய்யாமல் விட்டிருந்தார். பொத்தானில் இலக்கம் கூட இல்லை. அவர் விட்ட இடத்தில் நான் ஒரு பொய்யைத் துல்லியமாக எழுதியிருக்கிறேன். விசயம் தெரிந்து பார்க்கிறவனுக்கு அது இனி ஒரு குறிப்பிட்ட பட்டாளத்தின் சிப்பாய், அந்தப் பட்டாளம் திருகோணமலைக்கு வந்ததோ இல்லையோ.

மச்சான் போனில் சொன்ன இன்னொரு நியாயத்தையும் சொல்லவேண்டும்: "காசு குடுத்து வாங்கினது, என்ர சாமான்." இதை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித்தின் கதை இதற்குப் பொருந்தும். '17 எச்ஸ்' என்ற அவருடைய இரும்புச் சிற்பம் சிவப்புப் பூசியது. கை மாறிக் கை மாறிப் போன இடத்தில் ஒரு சொந்தக்காரர் அந்தச் சிவப்பை உரித்துவிட்டார். இரும்பு இரும்பாக இருந்தால்தான் அழகு என்று நினைத்திருக்கலாம். 1960இல் ஸ்மித் கலைப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, இது இனி என் வேலை இல்லை என்று பகிரங்கமாகக் கைகழுவினார். அவர் 1965இல் இறந்த பிறகு, அவருடைய சொத்துக்குப் பொறுப்பாக இருந்தவர்களே வேறு சில சிற்பங்களின் வெள்ளைப் பூச்சை எடுக்க விட்டார்கள், அதுவும் பெரிய சர்ச்சையானது. எங்கள் விசயத்துக்கு நேர்மாறான கதை. பூசுவதற்குப் பதில் உரித்தது. ஆனால் நோகிற இடம் ஒன்றுதான்.

சட்டமும் இருக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பாளியின் பெயருக்கு ஊறு வரும்படி படைப்பைச் சிதைத்தால், மாற்றினால் ஆட்சேபிக்கும் உரிமையை, விற்ற பிறகும் அவருக்கே வைத்திருக்கிறது. இந்தியாவில் அமர்நாத் சேகல் என்ற சிற்பி, டில்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் பிடுங்கிக் களஞ்சியத்தில் போட்டதற்காக அரசாங்கத்தோடு வழக்காடி 2005இல் வென்றார். மூன்றரை அங்குல ஈயச் சிப்பாய்க்காக ஐயா என்மேல் வழக்குப் போட்டிருப்பாரா? மாட்டார். தேத்தண்ணி தந்துதான் அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்து, பெயின்றை உரிக்க முடிவெடுத்தேன். இது இரண்டாவது பிழை. தின்னரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். வர்ணம் போனது. அதோடு ஐயாவின் விளக்குக் கரியும் போனது. மேட்டில் அவர் துணியால் துடைத்துத் துடைத்து வரவைத்த மினுக்கம் மங்கி, ஈயம் மீன் வயிறு மாதிரி வெளுத்துவிட்டது. ஆழமான மடிப்புகளில் மட்டும் சிவப்பு அப்படியே நிற்கிறது, ஊசியால் தோண்டினாலும் வரவில்லை. அவரிடம் கொண்டுபோய்த் திரும்பக் கரி பூசித் தரக் கேட்க வெட்கம். பிறகு கேட்போம், பிறகு கேட்போம் என்று ஒரு வருசத்துக்கு மேல் போய்விட்டது.

2004 டிசம்பர் 26 கடல் வந்தது. ஐயாவும் வீட்டாரும் உயிர் தப்பினார்கள். பத்தியும் அடுப்பும் மெழுகு மூலங்களும் அச்சுகளும் இல்லை. அதுக்குப் பிறகு அவர் வார்க்கவில்லை. கை நடுங்கத் தொடங்கியிருந்தது. 2011இல் காலமானார். ஒவ்வொன்றிலும் ஆறு ஏழு வார்ப்புக்கு மேல் எடுத்தவர் அல்ல. இப்போது எத்தனை எங்கே இருக்கின்றன என்று எண்ணினால் இரண்டு கை விரல் போதும், அதில் நாலு மச்சானிடம் என்றுதான் நினைத்திருந்தேன். "ஒண்டைப் பூசிப் பார்க்கிறன், சரிவராட்டி இன்னொண்டு வாங்கலாம்" என்கிற பேச்சுக்கு இடமில்லை.

பூசினால் பாதுகாப்பு என்றும் சொல்வார்கள். திருமலை உப்புக்காற்றில் வெறும் ஈயம் நிற்குமா என்று. ஈயத்துக்கு உப்பை விட மோசமான எதிரி மரப்பெட்டி. மரத்தில் இருந்தும் பிளைவூட் பசையில் இருந்தும் வருகிற அமில ஆவி மூடின அலுமாரிக்குள் தேங்கினால், காரீயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். என்னிடம் இருந்த ஒல்லாந்தனின் சப்பாத்து அப்படித்தான் கரைந்தது. அதற்கு முன்னர் நான் தீட்டிய வேறொரு கடை உருவத்துக்கும் அதே அலுமாரியில் அதே நோய், வர்ணம் படாத அடிப்பாகத்தில் தொடங்கி மேலே ஏறியது. இப்போது எல்லாம் கண்ணாடிப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு, மேலே மெல்லிய மெழுகுப் பூச்சோடு இருக்கின்றன. மெழுகை வேண்டும்போது துடைத்து எடுக்கலாம். அந்த வெள்ளைப் பொடி நஞ்சு. தொட்டால் கையைக் கழுவுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.

இவ்வளவையும் சுருக்கி மச்சானுக்கு வட்சப்பில் அனுப்பிவிட்டு, ஒரு வேலையும் கொடுத்தேன். நாலு உருவத்தின் கண்களையும் கிட்டப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பு. கண்மணி வெட்டியிருந்தால் கை வைக்காதே. வழுவழுப்பாக இருந்தால் நான் சிவப்புச் சொல்கிறேன்.

நேற்றுப் படங்கள் வந்தன. பிரெஞ்சுக்காரனுக்கும் மலாய்க்காரனுக்கும் இரண்டு கண்ணும் வெட்டியிருக்கிறது, அழகான லாட வெட்டு. மூன்றாவது சிப்பாயின் கண் முழு வழுவழுப்பு. உற்றுப் பார்த்தால் அது ஐயாவின் வேலையே இல்லை. யாரோ கொழும்பில் விற்ற கடை உருவத்தை இவன் சேர்த்து வைத்திருக்கிறான். அதைத் தாராளமாகப் பூசு, சாதாரணச் சிப்பாய் என்றால் செங்கல் நிறம் என்றேன்.

நாலாவது பறைப் பெடியன். வலது கண் வெட்டியிருக்கிறது. இடது கண் முட்டை போல வெறுமையாக இருக்கிறது. ஐயா பாதியில் விட்டாரா, கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் தவறவிட்டாரா, அல்லது தொப்பி நிழல் விழுகிற பக்கம் என்று தெரிந்தே விட்டாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யன்னலடியில் வைத்து, காலையில் ஒன்றும் பின்னேரம் ஒன்றுமாக இன்னும் இரண்டு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் பேணி மூடியைத் திறக்காதே என்றும் சொல்லியிருக்கிறேன். சரி என்றுதான் சொன்னான்.